மூன்றாம் தண்ணீர்

முருகேசா, தனத்தின் முகத்துப் பொருக்கு உதிர்ந்த அன்று கிணற்றடியில் இருந்தவர்கள் நாலு பேர். தனம் மணையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு எதிரே செம்போடு நின்றிருந்தேன். உன் அலமேலு அத்தை, தனத்தைப் பார்க்க முந்தின நாள் பள்ளிப்பட்டிலிருந்து வந்தவள், வேப்பிலைக் கொத்தைப் பிடித்துக்கொண்டு என் இடப்பக்கம் இருந்தாள். கடைசியில் ஓடிவந்தவள் அடுத்த வீட்டு மேரி, மிஷன் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் ஆயாவாக இருந்து நின்றவள். உன் அப்பா ரயிலடியில் வேலையில் இருந்தார். அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீ திராவகம் போட்டதிலிருந்து பதினேழாம் நாள் பட்டணத்திலிருந்து வந்து, உன் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு யாரு கூட இருந்தாங்க, யாரு கைய வச்சாங்க?" என்று என்னைக் கேட்டாய். "யாரும் வைக்கலப்பா, தானா உதிர்ந்துச்சி" என்றேன். அது பொய். கை வைத்தவள் நான். இந்த வலது கை.

இதைப் படித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடாதே, கண்ணு. முழுக்கப் படி. உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும், அது உன்னால்தான் ஆகும், அதற்கு நாளும் அதிகமில்லை. தனத்தின் வலது கண் கீழிமை இழுத்துக்கொண்டு வருகிறது. கன்னத்தில் ஆறாமல் நீர் கசிந்துகொண்டிருந்த இடம் இப்போது ஓரத்திலிருந்து இறுகுகிறது. இறுகுகிற தோல் இமையைக் கீழே பிடித்து இழுக்கிறது. அவள் தூங்கும்போது அந்தக் கண் அரைவாசி திறந்தே இருக்கிறது. வெள்ளை விழி தெரிகிறது. நேற்று நம் ஊர் சர்க்கார் டாக்டரிடம் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத செஞ்சவர்தாம்மா பாக்கணும். எந்தத் திராவகம், எவ்ளோ நேரம் வச்சாரு, பொருக்கு எத்தினியாவது நாள்ல போச்சின்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன். தள்ளிப்போடாதீங்க, கண்ணு காஞ்சிபோனா பார்வைக்கே ஆபத்து" என்றார். களிம்பு ஒன்று கொடுத்திருக்கிறார். இரண்டு மணிக்கொரு தரம் கண்ணில் விடுகிறேன்.

இதைச் செய்தவரிடம் போகக் கூடாது என்று நீ எழுதியிருக்கிறாய். திங்கட்கிழமை வந்த உன் கடிதம் எனக்கு மனப்பாடம். யுத்தத்தில் வெந்துபோன சிப்பாய்களின் முகத்தையெல்லாம் சரிபண்ணியவர் என்று தனத்தின் அம்மைத் தழும்புக்காக நீயே தேடிப் பிடித்த டாக்டரை, காத்திருந்த நோயாளிகள் நடுவில் கசாப்புக்காரன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். அவர் கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "பொருக்கை யாராவது எடுத்தார்களா?" நீ சொன்ன பதிலையும் எழுதியிருந்தாய். "எங்கம்மா பொய் சொல்ற பொம்பள இல்ல." அந்த வரிக்கு மேல் அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை. உன் அப்பாதான் மீதியைப் படித்தார். டாக்டர் பெண்ணை அழைத்து வரச் சொன்னதும், "இன்னொரு கன்னத்தயும் உரிக்கவா?" என்று கேட்டுவிட்டு நீ வெளியே வந்ததும், இனி யாராவது அவளை அங்கே அழைத்துப் போனால் இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று நீ முடித்திருந்ததும் அதில் இருந்தன. உன் அப்பா கடிதத்தை மடித்து உறையில் போட்டு, "அவன் சொன்னா சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். இத்தனைக்கும் அடியில் இருப்பது என் பொய்.

நடந்ததைச் சொல்கிறேன். நாள் தப்பாமல் வீட்டுக் கணக்கு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், டாக்டருக்கு வேண்டியிருக்கும். புதன்கிழமை டாக்டர் அவள் கன்னங்களில் திராவகம் போட்டது. வெள்ளிக்கிழமை முகத்துப் பிளாஸ்திரியை எடுத்து, பொருக்குக் கட்ட மஞ்சள் பவுடர் தூவியது. ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா அவளை ரயிலில் அழைத்து வந்தார். வந்து இறங்கியவள் மெல்லிய துணியை முகத்திலிருந்து விலக்கி, "அம்மா, பாரு, மூஞ்சில அப்பளம் ஒட்டுன மாதிரி கீது. சிரிச்சா ஒடஞ்சிரும், யாரும் சிரிப்பு காட்டாதீங்க" என்றாள். உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, "வண்டி பூரா கார்பாலிக் நாத்தம். எதிர்ல உக்காந்தவன் என்ன ரயில்வே கக்கூசு கழுவறவன்னு நெனச்சிகினான்" என்றார். அவ்வளவுதான், தனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறக்காமல் மூக்கால் சிரித்தாள். அவள் சிரித்துக் கடைசியாகக் கேட்டது அதுதான். பன்னிரண்டு நாள் தண்ணீர் படக் கூடாது, வெயில் படக் கூடாது, விரல் படக் கூடாது, பொருக்கு தானாக உதிர வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவளே என்னிடம் மூன்று தரம் ஒப்பித்தாள். எனக்குச் சொல்லவில்லை, தெரியவில்லை என்று நான் ஒளிந்துகொள்ள இடமில்லை.

பிறகு ஏன் செய்தாய் என்பாய். அதற்கு உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். தனத்துக்கு ஏழு வயதில் அம்மை போட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு அப்போது பத்து. அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு நீ காவடி எடுத்தாய். அதற்கு முந்தின வருஷம் விஷக் காய்ச்சலில் உன் மூச்சு அடங்கிப்போக இருந்தபோது நான் வேண்டிக்கொண்ட காவடி அது. அம்மை போட்ட பிள்ளைக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை மூன்று தரம் தலைக்கு ஊற்ற வேண்டும், மூன்றாம் தண்ணீர் ஊற்றினால்தான் ஆத்தா முழுசாக இறங்குவாள் என்று உனக்குத் தெரியும். தனத்துக்கு இரண்டு தண்ணீர் ஆயிற்று. மூன்றாவது ஊற்ற வேண்டிய நாளும் உன் காவடி நாளும் ஒன்றாக வந்தது. அம்மை இருக்கிற வீட்டிலிருந்து யாரும் கோயிலுக்குப் போகக் கூடாது. நான் வாசலில் செருகியிருந்த வேப்பிலையைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு, தனத்தை அத்தையிடம் விட்டு, உனக்கு மஞ்சள் துணி கட்டி மலைக்கு அழைத்துப் போனேன். படி முழுக்கத் தலைதான் தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் யார் வீட்டுக்கு என்ன கொண்டுபோய்ச் சேர்த்தேனோ தெரியாது. அதை நினைக்கவே பயந்து நினைக்காமலே இருந்துவிட்டேன். திரும்பி வர மறுநாள் ஆயிற்று. நாள் தப்பிப்போயிற்று, அந்தத் தண்ணீர் ஊற்றவே இல்லை. தனம் பிழைத்தாள். முகம் முழுக்கப் பள்ளம் பள்ளமாக நின்றுவிட்டது.

தண்ணீர் ஊற்றாததால்தான் தழும்பு நின்றது என்று பதினாலு வருஷம் நம்பினேன், முருகேசா. பெண் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் காப்பியைக் குடித்துவிட்டு, "போய்த் தகவல் சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்தபோது, மகனுக்காக மகளை விட்டுவிட்டுப் போனவள் என்று ஆத்தா எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றே நினைத்தேன். உனக்கு அந்தக் காவடி நாள் வாழ்க்கையிலேயே பெரிய சந்தோஷம். உன் சிநேகிதர்களிடம் நீ அதைச் சொல்லும்போதெல்லாம் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். நீ கவனித்திருக்க மாட்டாய்.

முகத்தைச் சரிபண்ணலாம் என்று நீ சொன்னபோது தனம் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு இந்த மூஞ்சி பழகிப்போச்சிண்ணா. பாக்கறவங்களுக்குத்தான் பழகல" என்றாள். நான்தான் அவளை விடவில்லை. சாப்பிடும்போது சொன்னேன், தலை பின்னும்போது சொன்னேன், கடைசியில் அழுதேன். எனக்காகத்தான் ஒத்துக்கொண்டாள். டாக்டர் அவளிடம், மாநிறத் தோலில் நிறம் திட்டுத் திட்டாக நிற்கலாம், பள்ளம் முழுக்கப் போகாது, ஆழம் குறையும், அவ்வளவுதான் என்று சொல்லித்தான் செய்தார். காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்து மூன்று வாரம் பார்த்துவிட்டுத்தான் கன்னத்தில் வைத்தார். நீயும் கூட இருந்து கேட்டாய். கோபத்தில் அதெல்லாம் உனக்கு மறந்துபோயிற்று.

ஞாயிறு அன்று அந்தப் பழுப்புப் பொருக்கைக் கிட்டே போய்ப் பார்த்தேன். அப்படியே அம்மைப் பொருக்கு. அதே நிறம், அதே வெடிப்பு. ஏழு வயதுத் தனம் திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. ஆத்தா மனமிறங்கி, அன்றைக்கு விட்ட தண்ணீரை ஊற்ற இன்னொரு தரம் அனுப்பியிருக்கிறாள் என்று எனக்குள் ஓர் எண்ணம் விழுந்தது. விழுந்தது எழுந்திருக்கவில்லை. புதனிலிருந்து எண்ணினால் செவ்வாய் ஏழாம் நாள். அவளுக்கு உகந்த கிழமை, ஒற்றைப்படை நாள். இதற்கு மேல் என்ன உத்தரவு வேண்டும் என்று நினைத்தேன். அத்தை என்னைத் தூண்டிவிடவில்லை. சும்மா விளையாட்டுக்கு, "இனிமே தனம் வெள்ளக்காரி. நம்மள பாத்தா குட்மார்னிங்தான் சொல்வா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "அத்த, மொதல்ல உன் மூஞ்சிக்கி ஒரு சொட்டு வச்சிகினு வா, அப்புறம் பேசு" என்றாள் தனம், உதடு அசையாமல். பித்தளை அண்டாவில் தண்ணீரை நான்தான் வெயிலில் வைத்தேன். வேப்பிலையும் மஞ்சளும் நான்தான் அரைத்தேன்.

மணையில் உட்காரச் சொன்னதும் தனத்துக்குப் புரிந்துவிட்டது. "அம்மா, தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிகீறாரு." "ஆத்தா சொல்றது டாக்டருக்குத் தெரியுமா?" என்றேன். "அப்போ பவுடர் போட்டது ஆத்தாவா?" என்றாள். உன் தங்கையின் வாய் உனக்குத் தெரியும். நான் சிரிக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு தண்ணி. இத ஊத்திட்டா நான் நிம்மதியா சாவேண்டி" என்றேன். தாய் சாவேன் என்று சொன்னால் பெண்பிள்ளை என்ன செய்வாள்? கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று செம்பு ஊற்றினேன். பொருக்கு ஊறி வலது பக்க ஓரம் தூக்கியது. அரைத்த விழுதை விரலில் எடுத்து இமைக்குக் கீழிருந்து தாடை வரைக்கும் தேய்த்தேன். பொருக்கு பட்டையாகக் கையோடு வந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் பிடித்திருந்ததே, முருகேசா, அதுவும் சேர்ந்து வந்தது. தனம் கத்தவில்லை. மணையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு உடம்பை முறுக்கினாள். நான் இடது கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோனேன். அப்போதுதான் மேரி வேலிப்பக்கமிருந்து ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, இன்னா பண்றீங்க? இது அம்மை இல்லக்கா! வெந்த புண்ணுக்கா!" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க சாமிக்கு வேப்பில ஆவாது, எங்க சாமிக்கு ஆவும். கைய வுடு" என்றேன். மேரி விடவில்லை. "சாமிய அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல பொண்ணு மூஞ்சிய பாருங்க" என்றாள். பார்த்தேன். தோலில்லாத இடத்திலிருந்து மஞ்சள் தண்ணீரோடு ரத்தம் புள்ளி புள்ளியாக எழும்பிக்கொண்டிருந்தது. அத்தை வேப்பிலைக் கொத்தைக் கீழே போட்டுவிட்டு, "ஏம்மே, இன்னா காரியம் பண்ணிட்ட" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மேரிதான் சுத்தமான துணியைக் கொதிக்க வைத்துக் காயவிட்டு மேலே போட்டாள். அவள் வந்திராவிட்டால் இரண்டு கன்னமும் போயிருக்கும்.

நீ வந்த அன்று மேரி வீட்டுப் பக்கம் வரவில்லையே, ஏன் தெரியுமா? காலையிலேயே அவள் வாசலில் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, என் மகன் இருக்கிற வரைக்கும் வராதே என்று கேட்டுக்கொண்டேன். அவளை நீ கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள் என்று பயம். அத்தையை அதற்குள் ஊருக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் தனத்தை நான் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. நீ அவளைக் கேட்டபோது, என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "தானாத்தாண்ணா வுழுந்துச்சி" என்று அவளாகவே சொன்னாள். என் தப்பைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு எனக்காகப் பொய்யும் சொன்ன பெண்ணை நான் பெற்றிருக்கிறேன். பொய் சொல்லாத தாய் உனக்கு வாய்க்கவில்லை.

இப்போது இடது கன்னத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் கை வரவில்லை. டாக்டர் சொன்ன மாதிரியே அந்தப் பக்கத்துப் பொருக்கு பதின்மூன்றாம் நாள் தானாக உதிர்ந்தது. அடியில் இருக்கிற தோல் சிவப்பு அடங்கிக்கொண்டு வருகிறது. நிறம் கொஞ்சம் வெளுப்புத்தான். ஆனால் பள்ளங்கள் விரலுக்குத் தட்டுப்படுகின்றன, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஒரு பக்கத்தை அந்த மனுஷன் சரிபண்ணிக் கொடுத்திருக்கிறார். மறுபக்கத்தை நான் கெடுத்திருக்கிறேன். தனம் அறையில் இடது கன்னம் வாசல் பக்கம் தெரிகிற மாதிரித்தான் உட்காருகிறாள். நான் உள்ளே போகும்போது எனக்கு அந்தப் பக்கம்தான் தெரியட்டும் என்று அப்படி உட்காருகிறாளாம். மேரியிடம் சொன்னாளாம்.

நீ நாளைக்கு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு பிள்ளை குட்டியோடு இருப்பாய். அதற்காக ஒன்று சொல்கிறேன். பிள்ளைகள் மேல் உனக்கு இருக்கிற குற்ற உணர்ச்சியை அவர்கள் உடம்பில் தீர்த்துக்கொள்ளப் பார்க்காதே. நான் தனத்துக்கு மருந்து செய்யவில்லை, எனக்குச் செய்துகொண்டேன். தெய்வத்தை நான் விடவில்லை, இப்போதும் விளக்கேற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு ஆசையாக இருந்ததையெல்லாம் தெய்வம் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். இன்னொன்று, உன் கோபம். அது என்னிடமிருந்து வந்தது. மேரியிடம் நான் பேசியதும் டாக்டரிடம் நீ பேசியதும் ஒரே குரல். கையைப் பிடித்துத் தடுக்கிறவர்களை முதலில் திட்டிவிட்டுப் பிறகு பார்க்கிற புத்தி. நான் பார்க்கும்போது நேரம் கடந்துவிட்டது. உனக்கு இன்னும் கடக்கவில்லை என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று சர்க்கார் டாக்டர் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது தனம், "அம்மா, நீயே அண்ணனுக்கு எழுது. நான் எழுதினா உன்ன காட்டிக் குடுத்த மாதிரி ஆவும்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "மூஞ்சி எப்பிடியோ போவுது. கண்ணு எனக்கு வேணும்மா" என்றாள். இத்தனை நாளில் அவள் வேண்டும் என்று கேட்டது இதுதான். உன் அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். திரும்பி வந்து, "டாக்டர் முன்னால போய் நிக்க வேண்டியது அவன். அவன் வரச்சொல்லட்டும், லீவு கேட்டு நானே கூட்டிகினு போறேன்" என்றார்.

நீ அந்த டாக்டரிடம் போக வேண்டும். மன்னிப்புக் கேள் என்று உன்னைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடு. எந்தெந்த நோயாளிகள் காது கேட்க அவரைத் திட்டினாயோ அவர்கள் இருந்தால் அவர்கள் கேட்கவே படி. என் பெயர் கெடட்டும். ஏழாம் நாள், வெந்நீர் இல்லை, வெயிலில் காய்ந்த தண்ணீர், வேப்பிலை மஞ்சள் விழுது, வலது இமைக்குக் கீழிருந்து தாடை வரை, கையால் தேய்த்து எடுத்தது என்று சொல். இமை இழுக்க ஆரம்பித்து இன்றோடு ஏழு நாள் ஆகிறது, அதையும் சொல். அவர் திட்டினால் வாங்கிக்கொள், அது எனக்குச் சேர வேண்டியது. பார்க்க மாட்டேன் என்றால் வேறு யாரைப் பார்க்கலாம் என்றாவது கேட்டுக்கொள். என்னை நீ மன்னிக்க வேண்டியதில்லை, இந்த வருஷம் வீட்டுக்கு வராவிட்டாலும் சரி. அதையெல்லாம் தனத்தின் கண் பிழைத்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

பெட்டியில் அவள் புடவை இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். அழைத்து வரலாமா, எந்தக் கிழமை வரலாம் என்று எழுது. நீண்ட கடிதம் வேண்டாம், ஒரு கார்டு போதும். தாமதிக்காமல் பதில் போடு.

அம்மா